3.3 வோல்ட் போர்டு கணினியோடு பேசவில்லையா? சீரியல் தொடர்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஞாயிறு பிற்பகல்களில் ஒரு மேசை போட்டு உட்கார்கிறேன். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பவர்கள், தொழிற்சாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கும் தமிழ்நாட்டுத் தம்பிகள் என்று பலரும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டை (நிரல் ஓடும் சிறு சில்லுள்ள பலகை) கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: போர்டு ஓடுகிறது, கணினித் திரையில் ஒன்றும் வரவில்லை. அதற்குள் நிரலை நாலைந்து முறை மாற்றி எழுதியிருப்பார்கள். ஒரு வார உழைப்பு அதில் போயிருக்கும். எனக்கு வருத்தம் தருவது அதுதான், ஏனென்றால் பழுது பெரும்பாலும் நிரலில் இருப்பதில்லை. முதலில் மின்னழுத்தம், பிறகு காலக்கணக்கு, கடைசியில்தான் எழுத்து. கீழே உள்ள பதில்களையும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

கணினியிலிருந்து. பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் கம்பிகளைக் கணினியோடு சேர்க்கும் யூஎஸ்பி-சீரியல் அடாப்டரைச் செருகியதும் கணினி அதை அடையாளம் காண்கிறதா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு செருகிப் பாருங்கள். புதிதாக ஒரு காம் போர்ட் (சீரியல் வாயில்) தோன்ற வேண்டும், பிடுங்கினால் மறைய வேண்டும். தோன்றவே இல்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். கைப்பேசியோடு வரும் கேபிள்களில் சில மின்னேற்றம் மட்டுமே செய்யும். தரவுக் கம்பிகள் இரண்டும் உள்ளே இருக்காது. வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. என் பையில் நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு கேபிளைச் சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறேன், இந்தச் சோதனைக்காகவே.

லினக்ஸில் வேறு இரண்டு தடைகள் உண்டு. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் என்ற குழுவில் இல்லாவிட்டால் போர்ட் கண்ணுக்குத் தெரியும், ஆனால் திறக்காது. குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். மற்றது விசித்திரமானது. உபுண்டு 22.04இல், பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், சிஎச்340 சில்லுள்ள அடாப்டரைப் பிரெயில் கருவி என்று எண்ணித் தன்வசப்படுத்திக்கொள்ளும். போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்தால் இதைச் சந்தேகியுங்கள். அந்தக் கணினியில் யாரும் பிரெயில் கருவி பயன்படுத்துவதில்லை என்றால் மட்டும் அந்த நிரலை நீக்கலாம்.

அடாப்டர் கெட்டுவிட்டதா, என் போர்டு கெட்டுவிட்டதா? எப்படிப் பிரித்து அறிவது?

போர்டைக் கழற்றி ஓரமாக வையுங்கள். அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும்) முனையையும் ஆர்எக்ஸ் (வாங்கும்) முனையையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். டெர்மினல் நிரலை (சீரியலில் வருவதைத் திரையில் காட்டி, தட்டுவதை அனுப்பும் நிரல்) திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் கணினி, டிரைவர், கேபிள், அடாப்டர் நான்கும் நலம். கம்பியை எடுத்ததும் எழுத்து நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் டெர்மினல் நிரலே எதிரொலித்துக்கொண்டிருக்கிறது, சோதனை செல்லாது.

ஒரு நிமிட வேலைதான். ஆனால் இந்தச் சோதனை பாட் வேகத்தை (நொடிக்கு எத்தனை பிட் என்பதை) சரிபார்க்காது, ஏனென்றால் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கடிகாரம். மின்னழுத்த அளவு உங்கள் போர்டுக்குப் பொருந்துமா என்பதையும் இது சொல்லாது.

டிஎக்ஸை டிஎக்ஸோடுதானே இணைக்க வேண்டும்?

இல்லை. ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு. போர்டின் டிஎக்ஸ் அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு, போர்டின் ஆர்எக்ஸ் அடாப்டரின் டிஎக்ஸுக்கு. சில போர்டுகளில் அச்சிட்டிருக்கும் பெயர் "இங்கே எதிர்ப்பக்கத்தின் டிஎக்ஸ் வர வேண்டும்" என்ற பொருளில் இருக்கும். பெயரை நம்பாமல் மல்டிமீட்டரை வையுங்கள்: இரு பக்கமும் மின்சாரத்தில் இருக்கும்போது, சும்மா இருக்கும் டிஎக்ஸ் முனை 3.3 வோல்ட் அருகே உறுதியாக நிற்கும். ஆர்எக்ஸ் முனை பெரும்பாலும் அப்படி நிற்காது. சில சில்லுகள் அதையும் உள்ளிருந்து மெல்ல மேலே இழுத்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு (சுழி வோல்ட் முனைக்கு) இழுத்துப் பார்த்தால் ஆர்எக்ஸ் சரிந்துவிடும், டிஎக்ஸ் அசையாது.

கிரவுண்டு கம்பி கட்டாயமா? இரண்டு கம்பியிலேயே சில நேரம் வேலை செய்கிறதே?

கட்டாயம். "சில நேரம் வேலை செய்கிறது" என்பதுதான் இதன் ஆபத்து.

ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி, அடுக்குமாடி நடைபாதையில் அவள் பாட்டி வளர்க்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஈர அளவி செய்திருந்தாள். போர்டு இரண்டு பென்டார்ச் பேட்டரியில் ஓடியது. வீட்டில் எண்கள் ஓரளவு வந்தன. மன்றத்தில் குப்பை எழுத்துகள். போர்டின்மேல் விரல் வைத்தால் குப்பை மாறியது. எடுத்தால் வேறு குப்பை. நிரலில் தாமதங்களைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு வாரம் போராடியிருக்கிறாள். மூன்றாவது கம்பியை மாட்டினோம். அந்த நொடியே எண்கள் வரிசையாக வந்தன. விரல் வைத்தால் நடத்தை மாறுகிறது என்றால் முதலில் கிரவுண்டைப் பாருங்கள். மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. 3.3 வோல்ட் என்றால் எதிலிருந்து 3.3 என்று அடாப்டருக்குத் தெரிய வேண்டும், அதைச் சொல்வது அந்தக் கம்பி.

இதையொட்டி இன்னொன்று. நம் சுவர் மின்சாரம் 230 வோல்ட். மடிக்கணினி மின்னேற்றிகள் பலவற்றுக்கு நிலக்கம்பி கிடையாது. மூன்று முனைச் செருகியாக இருந்தாலும் நடுமுனை சில சமயம் வெறும் பிளாஸ்டிக். அப்படிப்பட்ட மின்னேற்றியில் இரைச்சலைத் தடுக்கும் கபாசிட்டர் வழியே சிறு கசிவு மின்னோட்டம் மடிக்கணினியின் உலோகப் பகுதிக்கு வரும். விரலில் லேசாகக் கூசுமே, அதுதான். அந்த அழுத்த வேறுபாடு முதலில் டிஎக்ஸ் கம்பி வழியாகப் பாய்ந்தால் சில்லு அடிபடலாம். ஆகவே இணைக்கும்போது கிரவுண்டு முதலில், கழற்றும்போது கிரவுண்டு கடைசியில். மின்னேற்றியைப் பிடுங்கிவிட்டு இணைப்பது இன்னும் நல்லது.

என் அடாப்டர் 5 வோல்ட், போர்டு 3.3 வோல்ட். நேராக மாட்டினால் என்ன ஆகும்?

உடனே புகை வராமல் போகலாம். அதனாலேயே பலர் "எனக்கு ஓடுகிறதே" என்கிறார்கள். எம்எஸ்பி430 என்ற மைக்ரோகண்ட்ரோலர் குடும்பத்தின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளரின் விவரத்தாளை) திறந்து உச்ச வரம்புப் பட்டியலைப் பாருங்கள்: எந்த முனையிலும் மின்வழங்கி அழுத்தத்தைவிட 0.3 வோல்ட்டுக்குமேல் கூடக்கூடாது. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சிறு போர்டின் ஆர்பி2040 சில்லுக்கு 0.5 வோல்ட். 5 வோல்ட் வந்தால் முனையின் பாதுகாப்பு டயோடு திறந்து மிகுதியைச் சில்லின் மின்வழங்கிக் கம்பிக்குள் தள்ளுகிறது. அந்த டயோடு திடீர் நிலைமின்னைத் தாங்கத்தான் அங்கே இருக்கிறது. நாள் முழுதும் சுமை தூக்குவதற்கு அல்ல.

மலிவான வழி இரண்டு ரெசிஸ்டர்கள். அடாப்டரின் டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம், நடுப்புள்ளியைப் போர்டின் ஆர்எக்ஸுக்கு. 5 வோல்ட் 3.33 ஆகிவிடும். 115200 வேகத்துக்கும் இது தாராளம்.

அடாப்டரில் 3.3 என்றும் 5 என்றும் ஒரு ஜம்பர் (மாற்றி மாட்டும் சிறு இணைப்பு) இருக்கிறதே என்பீர்கள். பல மலிவு அடாப்டர்களில் அந்த ஜம்பர் மின்வழங்கி முனையின் அழுத்தத்தை மட்டும் மாற்றும். டிஎக்ஸ் முனையிலிருந்து 5 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கும். ஜம்பரை 3.3இல் வைத்துவிட்டு டிஎக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். எண் சொல்வதே உண்மை.

பேட்டரியில் ஓடும் போர்டுகளுக்கு ஒரு நுட்பம் உண்டு, பலரும் கவனிக்காதது. புதிய பேட்டரி இரண்டு சேர்ந்து 3 வோல்ட்டுக்கு மேலே இருக்கும், தேய்ந்துவிட்டால் 2.4க்கு வந்துவிடும். அப்போது 3.3 வோல்ட் அடாப்டரும் வரம்பை மீறுகிறது. சில அடாப்டர்களில் இருக்கும் எஃப்டி232ஆர் சில்லில் இதற்கென விசிசிஐஓ என்று ஒரு முனை உண்டு, அதற்கு 1.8 முதல் 5 வோல்ட் வரை எது கொடுத்தாலும் அந்த அளவிலேயே பேசும். அந்த முனையை வெளியே கொண்டுவந்திருக்கும் அடாப்டரை வாங்கி, போர்டின் சொந்த மின்வழங்கியை அதற்குக் கொடுங்கள். பேட்டரி இறங்க இறங்கப் பேச்சும் கூடவே இறங்கும். நான் பார்த்த ஏற்பாடுகளில் மிக அழகானது இது.

எதிர்த்திசையிலும் சிக்கல் வரலாம். 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், 3.0 வோல்ட்டுக்கு மேலே வந்தால்தான் "ஒன்று" என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். 3.3 அதைத் தாண்டிவிடும், மயிரிழையில். பாதி தேய்ந்த பேட்டரியின் 2.7 தாண்டாது. நடுவில் 74எச்சிடி வகைச் சில்லு ஒன்றை 5 வோல்ட்டில் ஓடவிட்டால் போதும், அது 2 வோல்ட்டையே "ஒன்று" என்று ஏற்கும். எச்சி வகை அல்ல, எச்சிடி. ஓரெழுத்து வித்தியாசத்தில் 3.5 வோல்ட் கேட்கும் சில்லைக் கொண்டுவந்துவிடாதீர்கள். இத்தகைய உதிரிபாகங்களுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போங்கள். ரோச்சோரில் உள்ள சிம் லிம் ஸ்குவேர் கணினிப் பொருள்களுக்குப் பேர்போனது, வேறு கட்டடம்.

தொழிற்சாலையில் ஒன்பது முனை போர்ட் உள்ள பழைய இயந்திரம் இருக்கிறது. அதோடு பிக்கோவை இணைக்கலாமா?

நேராக இணைத்தால் பிக்கோ செத்துவிடும். அந்த ஒன்பது முனை போர்ட் ஆர்எஸ்-232. 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட தரம், 1969இல் ஆர்எஸ்-232-சி என்று திருத்தப்பட்டது. மோடம்களையும் தொலை அச்சுப்பொறிகளையும் நீண்ட கம்பிகளில் இணைப்பதற்கென்று எழுதப்பட்டதால் அழுத்தங்கள் பெரியவை: அனுப்பும் பக்கத்தில் "ஒன்று" என்றால் -5 முதல் -15 வோல்ட், "சுழி" என்றால் +5 முதல் +15. அளவும் பெரிது, தலைகீழாகவும் இருக்கிறது.

சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10இல் மூடப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு அங்கே ஒரு பழைய எடைத்தராசு வாங்கினேன். பின்புறம் ஒன்பது முனை. அவசரத்தில் ஓர் எம்எஸ்பி430 போர்டை நேராக மாட்டினேன். மீட்டரை வைத்திருந்தால் -9 வோல்ட் என்று சொல்லியிருக்கும். வைக்கவில்லை, போர்டு போனது. அன்றிலிருந்து அறிமுகமில்லாத எந்தப் போர்ட்டையும் முதலில் அளக்கிறேன். சும்மா இருக்கும் டிஎக்ஸ் முனையில் எதிர்ம அழுத்தம் என்றால் ஆர்எஸ்-232, நேர்மமாக 3.3 அல்லது 5 என்றால் சாதாரண லாஜிக் அளவு.

நடுவில் மேக்ஸ்3232 என்ற அழுத்தம் மாற்றும் சில்லை வைக்க வேண்டும். 3 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும், 3.3 வோல்ட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர்களை வைத்துக்கொண்டு தானே எதிர்ம அழுத்தத்தை உண்டாக்கும். அதன் மூத்த சகோதரன் மேக்ஸ்232 5 வோல்ட்டுக்கானது. பெயரில் ஒரு 3 கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இயந்திரம் உங்கள் முதலாளியுடையது என்றால், இணைப்பதற்கு முன் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

திரையில் ஏதோ வருகிறது, ஆனால் எல்லாம் குப்பை எழுத்து. ஏன்?

மகிழ்ச்சிகொள்ளுங்கள், கம்பி பேசுகிறது. இனி காலக்கணக்கு.

நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த டிஎக்ஸ்-ஆர்எக்ஸ் முறைக்கு யூஆர்ட் என்று பெயர். இதில் கடிகாரக் கம்பி கிடையாது. இரு பக்கமும் ஒரே வேகத்தில் எண்ணுவதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன. 9600 பாட் என்றால் ஒரு பிட் 104 மைக்ரோ நொடி. 115200 என்றால் 8.7. ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட் ஒன்று, தரவு எட்டு, முடிவு பிட் ஒன்று, ஆகப் பத்து. வாங்கும் பக்கம் தொடக்க பிட்டின் இறக்கத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் தொட்டுப் பார்க்கிறது. பத்தாவது பிட்டின் நடுவுக்குப் போகும்போது ஒன்பதரை பிட் நேரம் கடந்திருக்கும். அதற்குள் அரை பிட் நழுவினால் தப்பு. கணக்குப்படி ஐந்து விழுக்காடு. அதை இரு பக்கமும் பங்கிட்டு, பாதுகாப்புக்கும் கொஞ்சம் விட்டால், ஒவ்வொரு பக்கமும் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

இந்த 2 விழுக்காடு மலிவு சில்லுகளுக்கு எளிதல்ல. ஏடிமெகா328பியின் உள் கடிகாரம் 8 மெகா ஹெர்ட்ஸ் என்று சொன்னாலும் தொழிற்சாலை அளவீட்டில் 10 விழுக்காடு வரை விலகலாம். கடிகாரம் துல்லியமாக இருந்தாலும் 8 மெகா ஹெர்ட்ஸை முழு எண்ணால் வகுத்து 115200 பெற முடியாது. நெருங்கிய வேகம் 111111, பிழை 3.5 விழுக்காடு. 9600 கேட்டால் 9615 கிடைக்கும், பிழை 0.2 மட்டுமே. "வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிட்டது" என்பதன் காரணம் பல நேரம் இந்த வகுத்தல்தான்.

அலைக்காட்டி இல்லாமலே போர்டின் உண்மையான வேகத்தை அளக்கலாம், ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஆங்கிலப் பெரிய எழுத்து "யூ"வை இடைவெளி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி இரண்டு வரி நிரல் எழுதுங்கள். அதன் பிட்கள் ஒன்று, சுழி என்று மாறி மாறி வருபவை; தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்ந்தால் சீரான சதுர அலை ஆகிவிடும். பாட் வேகத்தில் பாதி மீட்டரில் தெரியும். 9600 என்றால் 4800 ஹெர்ட்ஸ்.

தொழிற்கல்லூரி மாணவர் ஒருவரின் மீட்டரில் 600 வந்தது. 4800ஐ எட்டால் வகுத்தால் 600. கடையிலிருந்து வரும் ஏடிமெகா328பி, கடிகாரத்தை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் (சில்லுக்குள் நிலைத்திருக்கும்) அமைப்போடு வருகிறது. அவர் நிரல் 8 மெகா ஹெர்ட்ஸ் என்று நம்பியது, சில்லு 1 மெகா ஹெர்ட்ஸில் ஓடியது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரே ஓர் எண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு வைத்திருப்பவர்களுக்கு: இயக்கியவுடன் வரும் சில வரிகள் மட்டும் குப்பை, பிறகு சரியாக இருக்கிறது என்றால் பழுதே இல்லை. 26 மெகா ஹெர்ட்ஸ் படிகம் உள்ள போர்டுகளில் அந்தத் தொடக்கச் செய்தி 74880 பாட் வேகத்தில் வரும்.

வைஃபை இயக்கும் வரை சரியாக இருக்கிறது, அப்புறம் போர்டு மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

மின்சாரம் போதவில்லை. அடாப்டரின் 3.3 வோல்ட் முனையிலிருந்து போர்டை ஓட்டுகிறீர்கள் அல்லவா? எஃப்டி232ஆர் அந்த முனையில் தருவது 50 மில்லி ஆம்பியர்தான். இஎஸ்பி32 என்ற வைஃபை சில்லின் தயாரிப்பாளர் 500 மில்லி ஆம்பியர் தரவல்ல மின்வழங்கியைக் கேட்கிறார். தனி மின்வழங்கி வையுங்கள், கிரவுண்டை மட்டும் பொதுவாக்குங்கள்.

போர்டின் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் விளக்கு மங்கலாக எரிகிறதே?

அடாப்டரின் டிஎக்ஸ் கம்பி சும்மா இருக்கும்போதும் 3.3 வோல்ட்டில் நிற்கிறது. மின்சாரம் இல்லாத சில்லுக்குள் அது ஆர்எக்ஸ் முனையின் பாதுகாப்பு டயோடு வழியே ஏறி முழுச் சில்லையும் அரைகுறையாக எழுப்பி வைக்கிறது. ரீசெட் நடந்ததாக நீங்கள் நினைப்பீர்கள், நடந்திருக்காது. அந்தக் கம்பியில் தொடராக 1 கிலோ ஓம் வைத்தால் மின்னோட்டம் குறையும். முழுமையாக நிறுத்தக் கம்பியைக் கழற்றத்தான் வேண்டும்.

போர்டு அனுப்புவது வருகிறது, நான் தட்டுவது போர்டுக்குப் போகவில்லை.

டெர்மினல் நிரலில் ஃப்ளோ கண்ட்ரோலை (எதிர்ப்பக்கம் அனுமதித்தால்தான் அனுப்புவது) அணைத்துவிடுங்கள். மினிகாம் என்ற லினக்ஸ் டெர்மினல் நிரலில் வன்பொருள் ஃப்ளோ கண்ட்ரோல் இயல்பாகவே இயங்கும் நிலையில் வரும். உங்களிடம் மூன்று கம்பிதான், அது நான்காவது கம்பியின் அனுமதிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அதன் பிறகும் பதில் இல்லை என்றால் வரி முடிவைப் பாருங்கள். சில நிரல்கள் என்டர் விசைக்கு ஒரு குறியையும், சில இரண்டையும் அனுப்பும்; போர்டு எதற்காகக் காத்திருக்கிறதோ அதை அனுப்ப வேண்டும்.

நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. எதையும் தொடவில்லை.

ஜம்பர் கம்பியை மாற்றுங்கள். இந்த ஊர் ஈரப்பதத்தில் மலிவான கம்பிகளின் முனை கறுத்துப்போகும், பிரெட்போர்டின் உள் கவ்விகளும் தளரும். மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துக் கம்பியை ஆட்டிப் பாருங்கள்; ஒலி விட்டு விட்டு வந்தால் அந்தக் கம்பியைத் தூக்கி எறியுங்கள், டப்பாவில் திரும்பப் போடாதீர்கள். அடுத்த வாரம் வேறொருவர் கைக்கு அது போய்ச் சேரும்.

தமிழில் செய்தி அனுப்ப முடியுமா?

முடியும். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அறிவிப்புக் காட்டும் பலகை ஒன்றைச் செய்த மாணவர்கள் இதைக் கேட்டார்கள். தமிழ் வரி மட்டும் சிதைந்துகொண்டிருந்தது.

எழுத்துகளைப் பைட்களாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், ஆகப் பதினைந்து பைட். 9600இல் நொடிக்கு 960 பைட் போவதால் ஏறக்குறைய 16 மில்லி நொடி. கம்பிக்கு இது எந்தச் சுமையும் அல்ல. தவறு இரண்டு இடங்களில் நடக்கும். ஒன்று, இணைப்பு ஏழு தரவு பிட்டாக அமைந்திருப்பது; தமிழ்க் குறியீடுகளின் எல்லாப் பைட்டிலும் எட்டாவது பிட் தேவை, ஆங்கிலம் மட்டும் தப்பிப் பிழைக்கும். மற்றது, வாங்கும் நிரல் வந்தவரை எடுத்து உடனே எழுத்தாக்கப் பார்ப்பது. மூன்று பைட்டில் இரண்டே வந்திருக்கும் நேரத்தில் எழுத்து உடைகிறது. வரி முடியும் வரை பைட்களைச் சேர்த்து வைத்து, பிறகு மாற்ற வேண்டும்.

திரையில் ஒரே மாதிரியான மூன்று குறிகள், நடுவில் வட்டத்துக்குள் ஆங்கில "ஆர்" போன்ற ஒன்று, திரும்பத் திரும்ப வந்தால் கம்பியும் வேகமும் சரியாகத்தான் இருக்கின்றன. டெர்மினலின் எழுத்து முறையை யூடிஎஃப்-8க்கு மாற்றினால் போதும். அந்த மாணவர்களுக்கு அதுதான் நடந்தது. மாற்றிய மறுகணம் பலகை அனுப்பிய "நல்வரவு" அப்படியே திரையில் வந்து நின்றது.